நம்ம ஆஸ்பத்திரி

கங்கையம்மாளுக்கு வலித்தது இடது முட்டி. டாக்டர் அறுத்தது வலது முட்டியை.

நடந்தது இவ்வளவுதான். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டில் கண்ணாடி கண்ணாடியாக எழுந்து நிற்கிற அந்த ஆஸ்பத்திரியில் இதைச் சொல்ல ஒரு ஆளுக்கும் வாய் வரவில்லை. பதிலுக்கு அவர்கள் வேறு என்னென்னவோ சொன்னார்கள். சொன்ன ஒவ்வொன்றும் அறுத்ததைவிட அசிங்கமாக இருந்தது.

முதலில் பார்த்தது மகள் சந்திரிகா. ஆபரேஷன் முடிந்து அம்மாவை அறைக்குக் கொண்டுவந்து படுக்கவைத்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போவதற்காக முதுகில் போட்ட ஊசியின் வேகம் மெல்லக் குறைந்துகொண்டிருந்தது.

"வலது காலு எரியுதுடி," என்றாள் கங்கையம்மாள்.

வலது கால் ஏன் எரியப்போகிறது, மயக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் சந்திரிகா போர்வையை விலக்கினாள். வலது காலில் தொடையிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் வெள்ளைக் கட்டு. பக்கத்தில் இடது கால், ஒரு கீறல்கூட இல்லாமல், வழக்கம்போல வீங்கிய முட்டியோடு சும்மா கிடந்தது.

இரும்புலியூரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டல் நடத்துகிறவள் சந்திரிகா. அடைத்துக்கொண்ட பாத்ரூம், ஊசிப்போன சாம்பார், எலி செத்து மிதக்கிற தண்ணீர்த் தொட்டி என்று எதையும் முகம் சுளிக்காமல் பார்க்கிறவள். அந்தச் சுத்தமான வெள்ளைக் கட்டைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

"இன்னாடி ஆச்சு?" என்று அம்மா கேட்டாள்.

அவளுடைய அப்பா ஏகநாதனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. ஆஸ்பத்திரி நிற்கிற இடம் ஒரு காலத்தில் அவருடைய குடும்பத்துக் கழனி. அதை விற்று, வந்த பணம் கல்யாண மண்டபமாகவும் மகன் விக்கியின் தண்ணீர் லாரிகளாகவும் மாறி வருஷக்கணக்காகிறது. ஆனால் ஏகநாதன் மனசில் மட்டும் இன்னும் பத்திரம் பதிவாகவில்லை. அவருக்கு அது 'நம்ம ஆஸ்பத்திரி'. வாசலில் செக்யூரிட்டி சல்யூட் அடிக்க வேண்டும். டோக்கன், வரிசை என்று யாரும் அவரிடம் பேசக் கூடாது. கேண்டீன்காரன் காபிக்குக் காசு கேட்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்காரர்களும் கெட்டிக்காரர்கள். ஒரு சல்யூட்டுக்கும் ஒரு காபிக்கும் மயங்குகிற மனுஷன் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

இரும்புலியூரிலோ முடிச்சூரிலோ எவராவது முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறுவதைப் பார்த்துவிட்டால் போதும், "நம்ம ஆஸ்பத்திரி கீது, வா, நான் சொல்றேன்," என்று கையோடு இழுத்துக்கொண்டு போய்விடுவார். அவருடைய கல்யாண மண்டபத்தில் இலவச மூட்டு முகாம் நடக்கும். பந்தி போடுகிற ஹாலில் நாற்காலி போட்டு, எலும்பு டாக்டர் ஷ்யாம்சுந்தர் மைக் பிடித்துப் பேசுவார். அந்த முகாமில், உன் முட்டி நன்றாக இருக்கிறது, வீட்டுக்குப் போ என்று ஒருவரையும் திருப்பி அனுப்பியதாகச் சந்திரிகாவுக்கு நினைவில்லை.

கங்கையம்மாளின் இடது முட்டிக்கும் முதலில் முகாம் வைத்தியம்தான் நடந்தது. அவள் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, மெஷினில் போட்டுச் சுற்றி, முட்டிக்குள் திரும்ப ஏற்றுகிற ஊசி. தேய்ந்த மூட்டு திரும்ப வளர்ந்துவிடும் என்றார் ஷ்யாம்சுந்தர். முதல் ஊசிக்கு வீங்கியது. வீங்கினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமாம். அடுத்த ஊசிக்கு இன்னும் வீங்கியது. அப்படியென்றால் இன்னும் நன்றாக வேலை செய்கிறதாம். கடைசியில் நடக்கவே முடியாமல் வலது காலில் மட்டும் நின்று சமைக்கிற நிலைக்கு வந்தபோது, இனி மூட்டையே மாற்றிவிடலாம் என்றார்கள். இதற்கும் ஏகநாதன் தலையாட்டினார். முட்டிக்குச் சொந்தக்காரியை யாரும் கேட்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலையில்தான் அந்தக் கூத்து நடந்தது. ஜீவிதா என்ற நர்ஸ் அறைக்கு வந்தாள். தாம்பரத்துப் பக்கத்துப் பெண், கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. கட்டிலருகே குனிந்து, "அம்மா, உங்க முழுப் பேரு சொல்லுங்க. எந்தக் கால்ல ஆபரேஷன்னு உங்க வாயாலயே சொல்லணும்," என்றாள்.

கங்கையம்மாள் வாயைத் திறந்தாள். அதற்குள் சோபாவிலிருந்து ஏகநாதன் எகிறினார்.

"இன்னாம்மா நெனச்சிகினு கீற? இந்த பில்டிங் நிக்கற எடமே எங்க கழனி. என் பொஞ்சாதி பேரு தெரியாதா ஒனக்கு? நேத்துத்தான் சேர்ந்தியா?"

"அதுக்கில்ல சார். யாரா இருந்தாலும் பேஷண்ட்கிட்ட கேட்டே ஆகணும். தியேட்டருக்குப் போறதுக்குள்ள மூணு எடத்துல கேப்பாங்க. அவங்க நல்லதுக்குத்தான் சார்."

"மூணு எடத்துல என் பொஞ்சாதிய நிக்க வச்சு பேரு கேப்பீங்களா? அவ இன்னா திருட்டுக் கேஸா? போ, ஒன் மேனேஜர இட்டுனு வா."

"அப்பா, கேட்டா கேட்டுட்டுப் போறாங்க, வுடுங்க," என்றாள் சந்திரிகா. அவர் காதில் விழவில்லை. விழுந்தாலும் அவர் காது அதை உள்ளே விடாது.

மேனேஜர் பிரணவ் ஓடி வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, எப்போதும் தயாராக ஒரு சிரிப்பு. "சாரி அங்கிள், சாரி. புதுப் பொண்ணு, உங்கள யாருன்னு தெரியல," என்று குழைந்தான். ஜீவிதாவை எல்லோர் முன்னாலும் வேறு வார்டுக்குப் போகச் சொன்னான். கையில் பேனாவோடு, அறுக்கவேண்டிய காலில் அம்புக்குறி போட வந்திருந்த இளம் டாக்டர் ஒருவர், உள்ளே நடக்கிற ரகளையைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிப் போனார். பிரணவ் எல்லோருக்கும் போன் போட்டு, "நம்ம ஃபேமிலி, யாரும் எதுவும் கேட்டு டிஸ்டர்ப் பண்ணாதீங்க," என்று சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. லிஃப்ட்காரரிலிருந்து தியேட்டர் வாசலில் நின்ற நர்ஸ் வரைக்கும் வழியெல்லாம் வணக்கம் வைத்தார்கள். "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்கள். எந்தக் கால் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஏகநாதன் மீசையைத் தடவிக்கொண்டார். "பாத்தியா மரியாதைய?" என்று சந்திரிகாவிடம் சொல்லிவிட்டுக் கேண்டீனுக்குக் காபி குடிக்கப் போனார்.

இப்போது அதே மனுஷன், பிளாஸ்டிக் டப்பாவில் இட்லி வாங்கிக்கொண்டு அறைக்குள் வந்தார். சந்திரிகா போர்வையைத் தூக்கிக் காட்டினாள். ஏகநாதன் பார்த்தார். இட்லி டப்பாவை மேசையில் வைத்தார். திரும்பவும் பார்த்தார்.

"டாக்டருக்குத் தெரியாதா? எதனா காரணம் இருக்கும்," என்றார்.

டாக்டரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஷ்யாம்சுந்தர் சிரித்துக்கொண்டே வந்தார். போர்வையை விலக்கியதும் அவர் முகத்திலிருந்து ரத்தம் சட்டென்று இறங்கியதைச் சந்திரிகா தெளிவாகப் பார்த்தாள். ஒரு கணம்தான். 'ஒரு நிமிஷம்' என்று வெளியே போனவர், பிரணவோடு திரும்பி வந்தபோது முகம் பழையபடி பளபளவென்று இருந்தது. கதையும் தயாராக இருந்தது.

"டேபிள்ல வச்சு எக்ஸாமின் பண்ணிப் பாத்தேன். ரைட் முட்டியும் உள்ள ரொம்ப தேஞ்சிருந்தது. சோ, அத முதல்ல பண்ணிடலாம்னு ஒரு டெசிஷன் எடுத்தோம்."

"அம்மாவுக்கு வலது கால்ல வலியே கிடையாதே சார்," என்றாள் சந்திரிகா.

"அதேதாம்மா. வலி வர்றதுக்கு முன்னாடியே பண்ணிட்டோம். இனிமே அந்தக் கால்ல வலியே வராது. லெஃப்ட்ட வர்ற வெள்ளிக்கிழமை முடிச்சிடலாம். கம்ப்ளீட்டா ஃப்ரீ. இது எங்க கிஃப்ட்னு வச்சுக்கங்க."

கிஃப்ட்டாம். நல்ல காலை வெட்டிவிட்டு, கெட்ட காலையும் வெட்டித் தருகிறேன் என்கிறான், அதற்குப் பேர் கிஃப்ட். அப்பா கத்தப்போகிறார், காலையில் ஒரு நர்ஸிடம் எகிறினாரே, அதில் பாதியாவது இவனிடம் எகிறுவார் என்று சந்திரிகா காத்திருந்தாள்.

"ஃப்ரீயாவே பண்றேன்றாரே," என்றார் ஏகநாதன். "இதுக்குத்தான் நம்ம ஆஸ்பத்திரின்றது."

அவர்கள் எல்லோரும் போனபிறகு கங்கையம்மாள் மெதுவாகச் சொன்னாள். "உள்ள சுத்தியால டொக்கு டொக்குன்னு அடிக்கற சத்தம் கேட்டுச்சிடி. ரெண்டு காலும் மரத்துப்போச்சே, எதுன்னு எனக்கு இன்னா தெரியும். எந்தக் காலுடா செய்யறீங்கன்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சி. எதனா கேட்டு, அது உங்கப்பாரு காதுக்குப் போச்சின்னா எகிறுவாரேன்னு கம்முனு இருந்துட்டேன்."

அவர் அப்போது கேண்டீனில் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர்மேல் இருந்த பயம் மட்டும் தியேட்டருக்குள் போய் மேசையருகே நின்றிருக்கிறது. இதைக் கேட்டபோது சந்திரிகாவுக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. டாக்டர்மேல், அப்பாமேல், இத்தனை வருஷம் இதையெல்லாம் சகஜம் என்று பார்த்துக்கொண்டிருந்த இந்தக் குடும்பத்தின்மேல்.

மறுநாள் அந்த அருவருப்பு இன்னொரு படி ஏறியது. ஏகநாதன் போனை நீட்டி, "இதுல என் மீசை நல்லா வந்துகீதா பாரு," என்றார். ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு அடிக்கப்போகிற ஃப்ளெக்ஸின் படம். ஏகநாதனும் கங்கையம்மாளும் விக்கி கல்யாணத்தில் நிற்கிற போட்டோவை வெட்டி ஒட்டியிருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில், 'வலி வரும் முன்னே மூட்டு மாற்று! தென் சென்னையில் முதன்முறையாக முன்னெச்சரிக்கை சிகிச்சை.' தவறாக அறுத்ததை ஒரே ராத்திரியில் புது வைத்தியமாக்கி, அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். இனிமேல் நன்றாக நடக்கிறவர்களையும் படுக்கவைக்கலாம்.

"நீங்க இதுல பேசப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"நான் பேசாம? உங்கம்மாவ வீல் சேர்ல மேடையேத்தலாம்னு பிரணவ் தம்பி சொல்லுது."

சந்திரிகா எழுந்து வெளியே வந்துவிட்டாள். அங்கேயே நின்றிருந்தால் அப்பாவை ஏதாவது செய்திருப்பாள்.

கீழே பைக் நிறுத்துமிடத்தில் ஜீவிதா தோளில் பையோடு நின்றிருந்தாள். சீருடை இல்லை. அவளை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்களாம். காரணம், பேஷண்டிடம் பெயரும் காலும் கேட்டுச் சரிபார்க்கவேண்டியது அவள் டியூட்டி, அதை அவள் செய்யவில்லை என்று.

"நீ கேட்டியேம்மா. நான்தான் பக்கத்துலயே இருந்தேனே," என்றாள் சந்திரிகா.

"கேட்டதுக்குத் திட்டு வாங்குனேன், கேக்கலன்னு வேலை போச்சு," என்றாள் ஜீவிதா. சிரிக்கவும் பார்த்தாள், முடியவில்லை. "அக்கா, நேத்து முதல் கேஸ் வேற ஒருத்தருக்கு, ரைட் லெக். சாமான் எல்லாம் அந்தப் பக்கமே ரெடியா இருந்துச்சாம். அம்மாவப் படுக்க வச்சதும் அதே பக்கம் துடைச்சு ஆரம்பிச்சுட்டாங்க. உள்ள இருந்த ஃப்ரெண்டு அழுதுக்கிட்டே சொன்னா. டாக்டர் டெசிஷன்லாம் ஒண்ணும் எடுக்கல. யாரும் பாக்கல, அவ்வளவுதான்."

"கம்ப்ளெய்ண்ட் கொடுத்தா வந்து சொல்லுவியா?"

"சொல்றேன்க்கா. இனிமே எனக்கு எதுக்கு பயம்?"

தம்பி விக்கிக்குப் போன் போட்டாள். அவனுடைய லாரிகள்தான் ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் அடிக்கின்றன. "ஏன்க்கா பேஜாரு பண்ற? ஃப்ரீயாதான செய்றாங்க. அப்பாவே ஓகேன்னுட்டாரு. நீ எதுனா பேசி, காண்ட்ராக்ட் போச்சின்னா நீ தருவியா?" என்றான். அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று அவன் கேட்பான் என்று கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அவன் வைத்துவிட்டான்.

சந்திரிகாவின் ஹாஸ்டலில் கெசியா என்று ஒரு பெண் இருந்தாள். நகரத்துப் பக்கம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். சந்திரிகா போனில் சொன்ன விஷயத்தை அவள் தன் பெரிய டாக்டரிடம் சொல்லி, பதிலோடு அன்றைக்கே கூப்பிட்டாள்.

"அக்கா, அம்மாவுக்கு சுகர் வேற இருக்கு. இந்தக் காயமே ஆறல. அதுக்குள்ள இன்னொரு காலையும் அறுத்தா சீழ் பிடிக்கலாம், ரத்தம் கட்டி நெஞ்சுக்குப் போகலாம். உயிருக்கே ஆபத்துன்னு சார் சொல்றாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள எப்படியாவது இங்க கூட்டிட்டு வந்துடுங்க. பெட் சொல்லி வச்சுட்டேன்."

இனிப் பிரச்சினை ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அம்மாவை அந்தக் கட்டிலிலிருந்து கிளப்ப வேண்டும். பிரணவைக் கேட்டால், "அங்கிள் சொன்னா உடனே அனுப்பறோம்," என்றான். அங்கிளைக் கேட்டால், "இன்னொரு ஆஸ்பத்திரில போய்ப் படுத்தா என் மானம் இன்னா ஆவறது? ஊரையே இங்க கொண்டாந்து சேர்த்தவன் நானு," என்று குதித்தார். அம்மாவைக் கேட்டால், சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவரு இன்னா சொல்றாரோ அது," என்றாள். அம்மாவின்மேல்கூடச் சந்திரிகாவுக்கு எரிச்சல் வந்தது. உன் கால், உன் உயிர், வாயைத் திறந்து வேண்டாம் என்று சொன்னால் ஒரு பயல் உன்னைத் தொட முடியாது என்று கத்தினாள். கங்கையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். பின்னால் டாக்டர் ஷ்யாம்சுந்தர், அவர் பின்னால் பிரணவ். புதிதாக வந்த நர்ஸ் எதுவும் கேட்கவில்லை. யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று கற்றுக்கொண்டிருந்தாள்.

சந்திரிகா கட்டிலுக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"தள்ளு," என்று சொல்லிக்கொண்டு ஏகநாதன் சோபாவிலிருந்து எழுந்தார். எழுந்தார் என்று சொல்வதுகூடத் தப்பு. கைப்பிடியை இரண்டு கையாலும் அழுத்தி, பல்லைக் கடித்து, பாதியில் நின்று, ஒரு மூச்சு விட்டு, பிறகு நிமிர்ந்தார். பல வருஷமாக அவர் அப்படித்தான் எழுந்திருக்கிறார். வீட்டில் எல்லோரும் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் யாருக்கும் அது கண்ணிலேயே படுவதில்லை.

ஷ்யாம்சுந்தர் பார்த்துவிட்டார். "என்ன சார், உங்களுக்கும் நல்ல வலி இருக்கும்போலயே. ஊருக்கெல்லாம் சொல்றீங்க, உங்க முட்டிய எனக்குக் காட்டவே இல்லையே," என்று சிரித்தார்.

சந்திரிகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை முகாம்! எத்தனை பேரைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பார்! ஒரு தடவையாவது இந்த மனுஷன் தன் வேட்டியைத் தூக்கி முட்டியை இங்கே காட்டியிருக்கிறாரா? ஒரு ஊசி? ஒரு எக்ஸ்ரே?

"ஆமா சார்," என்றாள். அவளுக்கே ஆச்சரியமாக, குரல் நிதானமாக வந்தது. "அப்பாவுக்கு ரெண்டு முட்டியும் வலி. இன்னிக்கே சேர்த்துக்கங்க. ஞாயித்துக்கிழமை மேடையில அவர்தான பேசப் போறாரு. முதல்ல அவருக்குப் பண்ணுங்க, அடுத்தது அம்மாவுக்கு. நான் தள்ளி நின்னுக்கறேன்."

"சூப்பர் ஐடியாக்கா!" என்று பிரணவ் துள்ளினான். "கப்பிளா ஃப்ளெக்ஸ்ல போட்டா செமயா இருக்கும் அங்கிள். உங்களுக்கும் ஃப்ரீதான். ரூம் ரெடி பண்ணிடட்டுமா?"

ஏகநாதன் சுற்றிலும் பார்த்தார். ஸ்ட்ரெச்சர்காரர்கள் அவரைப் பார்த்தார்கள். நர்ஸ் அவரைப் பார்த்தாள்.

"எனக்கு வேணாம்பா," என்றார்.

"ஏம்பா? நம்ம ஆஸ்பத்திரிதான?" என்றாள் சந்திரிகா.

"அதுக்கில்ல… எனக்கு சுகர் கீது."

"அம்மாவுக்கும்தான் கீது."

"காலைல டிபன் சாப்ட்டுட்டேன்."

"பரவால்ல அங்கிள், சாயங்காலம் பண்ணிக்கலாம்," என்றான் பிரணவ். அந்த முட்டாளுக்கு இன்னும் புரியவில்லை.

ஏகநாதனுக்கு நெற்றி வேர்த்துவிட்டது. ஏசி குளிரில் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார். தப்பித்தால் போதும் என்ற அவசரத்தில் வார்த்தை தானாக வந்துவிட்டது. "இல்லப்பா, நான் அடையாறு பக்கம் ஒரு டாக்டராண்ட காட்டிகினு கீறேன். நல்லா பாக்கறாரு. கத்தியே வேணாம்ட்டாரு."

ஷ்யாம்சுந்தர் தன் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டார்.

கட்டிலில் கங்கையம்மாள் மெல்லத் தலையைத் திருப்பினாள். அவள் புருஷனை நேருக்கு நேராக, இமைக்காமல் பார்த்ததைச் சந்திரிகா அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கண்டாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. இலையில் புழு நெளிவதைக் கண்டவள் பார்க்கிற பார்வை.

"எத்தினி நாளா?" என்று கேட்டாள்.

அவர் துண்டை மடித்தார், பிரித்தார்.

"சந்திரிகா, வண்டிய வரச் சொல்லு," என்றாள் கங்கையம்மாள்.

"ஏய், இன்னாமே பேசற? ஞாயித்துக்கெழம மண்டபத்துல நாலு பேரு கேப்பாங்களே, நான் இன்னா சொல்றது?"

"நீ ஒண்ணியும் சொல்லாத. என்னாண்ட அனுப்பு, நான் சொல்றேன். எடது காலு நோவுச்சி, வலது கால அறுத்தானுங்க, கட்டுன புருஷன் தலையாட்டிகினு நின்னாருன்னு."

டாக்டர் இருமினார். "அம்மா, இந்தக் கண்டிஷன்ல வெளிய போனா அப்புறம் எங்களால ரிஸ்க் எடுக்க முடியாது."

"நீங்க எடுத்த வரைக்கும் போதும் சார்," என்றாள் சந்திரிகா. "மிச்சத்த போலீஸ் ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

கெசியா அனுப்பிய ஆம்புலன்ஸ் வருவதற்குள் பிரணவ் யார் யாருக்கோ போன் போட்டான். விக்கியின் நம்பர் சந்திரிகாவின் போனில் திரும்பத் திரும்ப அடித்தது. அவள் எடுக்கவில்லை. ஏகநாதன் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டித்தான் ஸ்ட்ரெச்சர் போயிற்று. எழுந்திருக்க முயன்றார். பக்கத்தில் கைகொடுக்க ஆள் இல்லாததால் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரத்து நெரிசலுக்குள் ஊர்ந்தது. ஒவ்வொரு குழிக்கும் கங்கையம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வீங்கிய இடது கால் ஒரு பக்கம், கட்டுப் போட்ட வலது கால் ஒரு பக்கம். ஊன்றி நிற்க இப்போது அவளுக்கு ஒரு கால்கூட இல்லை. வலது கால் பழையபடி வருமா என்று கேட்டதற்குக் கெசியா போனில் சொன்ன பதில் சந்திரிகாவுக்கு மனசில் ஓடிக்கொண்டிருந்தது. நடக்கலாம்க்கா, ஆனா அவங்க சொந்தக் கால் மாதிரி இருக்காது.

பல்லாவரம் தாண்டியபிறகு அம்மா கண்ணைத் திறந்தாள்.

"ஏன்டி, என் வலது முட்டிலேர்ந்து எலும்ப வெட்டி எடுத்தானுங்களே, அத இன்னா பண்ணியிருப்பானுங்க?"

சந்திரிகாவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "குப்பைலதாம்மா. அதுக்குன்னே ஒரு வண்டி வரும். எல்லாரோடதையும் ஒண்ணா அள்ளிகினு போயிடும்."

கங்கையம்மாள் வண்டியின் கூரையைப் பார்த்தாள்.

"நல்ல எலும்புடி அது," என்றாள். "இத்தினி நாளு அது மேலதான் நின்னுகினு இருந்தேன்."